பச்சைப் பட்டு, இரண்டு பொட்டு

அத்தியாயம் 6

ஆளில்லாத சட்டைகள் வரிசையாகத் தொங்கினால் யாருக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். ராமசுப்புவுக்கும் இருந்தது. பயம் வந்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

“யக்கா, இந்தச் சட்டைக்காரன்லாம் எங்க போயிருப்பான்? இம்புட்டு நல்ல சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு பனியனோடயா திரியுதான்?”

“பாதிப் பேருக்குத் தொப்பை விழுந்திருக்கும். மீதிப் பேரு செத்திருப்பான்,” என்றாள் யோகலட்சுமி. “சட்டையத் தொடாத. நாம தேடி வந்தது சேலை.”

ராமசுப்பு தடவிப் பார்த்துக்கொண்டிருந்த கோடு போட்ட சட்டையைச் சட்டென்று விட்டான்.

கோவில்பட்டியில் ரயில்வே லைனை ஒட்டி, தீப்பெட்டி ஆபீஸாக இருந்து மூடிக்கிடந்த கொட்டகை அது. மருந்து வாடை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. இப்போது வாசலில் ‘ரெண்டாம் சுத்து’ என்று போர்டு. யாரோ உடுத்திய துணியை வாங்கித் துவைத்து, அறுந்த பட்டனைத் தைத்து, இஸ்திரி போட்டு விற்கிறாள் ஐஸ்வர்யா என்கிற பெண். இன்னொரு பக்கம் வெண்கல விளக்கு, பீங்கான் ஜாடி, சாவி கொடுக்கிற கடிகாரம். இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் திருநெல்வேலியிலிருந்து காலேஜ் பிள்ளைகள் ரயிலேறி வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். அன்று மதியம் யாருமில்லை. வெயிலில் தகரக் கூரை முனகிக்கொண்டிருந்தது.

அந்தப் பச்சைப் பட்டு மட்டும் ஜன்னலோரம் தனியாகத் தொங்கியது. அரக்குக் கரை. யோகலட்சுமி அதன் முன்னால் போய் நின்றாள்.

கடலைமிட்டாய்க் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்குப் பழைய காதல் உண்டா என்று விசாரித்துச் சொல்வதில் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ராமசுப்பு அதற்கு முன் மினிபஸ் கண்டக்டர். பயணிகளைக் கிண்டல் பண்ணியே வேலையை இழந்தவன். நேற்று அந்த மாடிப்படியேறி வந்தவர் மணிகண்டபிரபு. விளாத்திகுளத்தில் மிளகாய் மண்டி வைத்திருப்பவர். சேதி தெரியும்வரை கோவில்பட்டியிலேயே லாட்ஜில் தங்கப்போவதாகச் சொன்னார்.

உட்கார்ந்ததுமே அழுதார். தங்கை காளீஸ்வரியைப் பொங்கலிலிருந்து காணவில்லை. ஓடிப்போய்விட்டாள் என்கிறான் அவள் புருஷன். கிடையாது, கொன்றுவிட்டான் என்கிறார் இவர். காணாமல் போன அன்று அவள் கட்டியிருந்த பச்சைப் பட்டு இந்தக் கடையின் இன்ஸ்டாகிராம் படத்தில் வந்திருக்கிறது. கூடவே அவளுடைய குத்துவிளக்கும் தூக்குச்சட்டியும்.

“கல்யாணத்துக்குச் சீரா வந்த சாமான்க்கா எல்லாம். பாக்கப் பாக்க வயிறு எரியுது,” என்றார். “கடைக்காரி எங்கிட்ட வாயத் தெறக்க மாட்டேங்கா. வித்தவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. அவன்தான் கொலைகாரன்.”

பெண்கள் வந்து அழுதால் ஆயிரம் கேள்வி கேட்கிற யோகலட்சுமி, ஓர் ஆண் அழுததும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒத்துக்கொண்டாள். அதற்காக அவளை நாம் இப்போதே திட்ட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அவளே திட்டிக்கொள்வாள்.

ராமசுப்பு அவள் செல்போனில் காளீஸ்வரியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணிகண்டபிரபு வாட்ஸ்அப்பில் அனுப்பியது. முப்பது வயது முகம், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற உதடு.

“ரெண்டு பொட்டு வச்சிருக்காவ, பாத்தீங்களா? புருவ மத்தியில ஸ்டிக்கர். அதுக்கு மேல கோணலாப் பெரிய குங்குமம். ஒண்ணு விழுந்தா ஒண்ணு இருக்கட்டும்னு, மினிபஸ்ஸுல ஸ்டெப்னி வச்ச மாதிரி.”

யோகலட்சுமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் ஐஸ்வர்யா வந்தாள். கையில் இஸ்திரிச் சூடு, முகத்தில் சந்தேகம்.

“மொதல்லயே சொல்லிருதேன். சாமான் குடுத்தவிய பேர நான் யார்ட்டயும் சொல்றதில்ல. கௌரவம் பாத்துப் பின்வாசல் வழியாத்தான் எல்லாரும் வாராவ. ஒருத்தர் பேர நான் சொல்லிட்டா, அடுத்து ஒரு கரண்டிகூட எனக்கு வராது.”

“நீ சொல்ல வேண்டாம்மா. நான் சொல்லுதேன். தப்பாச் சொன்னா மட்டும் சிரி,” என்றாள் யோகலட்சுமி. பட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். “இதுக்கு ஜாக்கெட்டு எங்க?”

“தரல. செட்டா இருந்தா நல்ல விலை போகும்னு கேட்டுப் பாத்தேன். முடியாதுன்னு சொல்லியாச்சு.”

“கூட வந்த மத்த சேலைகளுக்கு?”

“ஒண்ணுக்கும் ஜாக்கெட்டு இல்ல.”

“சேலை எந்த உடம்புக்கும் சுத்தும். ஜாக்கெட்டு அளவு குடுத்தவளுக்கு மட்டும்தான் சேரும். ஒருத்தியக் கொன்னவன் சேலைய வித்துட்டு ஜாக்கெட்ட மட்டும் பத்திரமா வச்சுக்கிடுவானா, ராமசுப்பு?”

“வச்சு என்ன செய்யுறது? மூக்குச் சிந்தக்கூட ஆகாது. ஊக்கு குத்தும்.”

“அப்ப வித்தது பொம்பளை. அந்த ஜாக்கெட்டுல்லாம் அவளுக்கு இன்னமும் வேணும். ஏன்னா அவதான் போட்டுக்கணும்.”

ஐஸ்வர்யா சிரிக்கவில்லை. யோகலட்சுமி படத்தை நீட்டினாள். அந்தப் பெண் பார்த்தாள், மெதுவாகத் தலையாட்டினாள்.

“உயிரோட இருக்காவளா!” ராமசுப்பு ஒரு குதி குதித்தான்.

உண்மையில் யோகலட்சுமிக்கும் குதிக்கத் தோன்றியது. பிணத்தைத் தேடி வந்த இடத்தில் ஆள் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

“சேலைக்கும் விளக்குக்கும் பதிலா என்னம்மா வாங்கிட்டுப் போனா?”

“கையால சுத்துற பழைய தையல் மெஷின் ஒண்ணு கிடந்துச்சு. அதக் குடுங்கன்னாவ. கைப்பிடியச் சுத்திச் சுத்திப் பாத்தாவ. சந்தோசமாத்தான் தூக்கிட்டுப் போனாவ. அதுல அடிநூல் வைக்கிற பாபின் கேஸ் மட்டும் இல்ல. தேடி வாங்கி, நேத்துத்தான் மினிபஸ் கண்டக்டர்ட்ட குடுத்து விட்டேன்.”

“எந்த ஊருக்கு?”

ஐஸ்வர்யா தயங்கினாள். “அவியளுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?”

“கூடப்பிறந்த அண்ணன் அழுதுட்டுக் கிடக்கான்மா.”

“கடம்பூர். போளிக்கடை பெத்தம்மாள்ட்ட குடுத்தாப் போதும், எனக்கு வந்துரும்னு சொன்னாவ. போன் நம்பர் தரல.”

ராமசுப்பு தன் செல்போனோடு வெளியே ஓடினான். நல்ல சேதியை முதலில் சொல்கிற ஆளாக இருக்கவேண்டும் என்று எப்போதுமே அவனுக்கு ஓர் ஆசை.

யோகலட்சுமி நிம்மதியாகக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மூலையில் பழைய மரச் சட்டங்கள் அடுக்கியிருந்தன. தேக்கு, நல்ல வேலைப்பாடு. உள்ளே படம் இல்லை, கண்ணாடி மட்டும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெறும் கண்ணாடியின் நடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“சாமி படமாம்மா?”

“இல்லக்கா. செத்தவிய படம். படத்த உருவி வச்சுக்கிட்டுச் சட்டத்த மட்டும் குடுத்துருதாவ. நெத்தியில வச்ச பொட்டு கண்ணாடியிலயே ஒட்டிக்கிட்டு, தேச்சாலும் போக மாட்டேங்கு.”

யோகலட்சுமியின் கை நின்றது. சட்டத்தைக் கீழே வைத்தாள். செல்போனை எடுத்துக் காளீஸ்வரியின் நெற்றியைப் பெரிதாக்கினாள். ஸ்டிக்கர் பொட்டு தோலில் இருந்தது. குங்குமம் தோலில் இல்லை. அது முகத்துக்கு முன்னால் எதன் மீதோ இருந்தது. அதிலிருந்து தூள் உதிர்ந்து மூக்கைத் தாண்டி நேர்கோடாக இறங்கியிருந்தது. மேலே ஒரு டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு.

சுவரில் மாட்டிய படத்தைத்தான் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். காணாமல் போனவளைத் தேடச் சொன்னவன் வீட்டில், அவள் ஏற்கனவே செத்துப்போயிருந்தாள்.

“சொல்லிட்டேன்க்கா!” ராமசுப்பு உள்ளே வந்தான். “ஆனா என்ன மனுசன் அவரு? உங்க தங்கச்சி உயிரோட இருக்கான்னு சொல்லுதேன், ஒரு அழுகை இல்ல, ஒரு சாமியக் கும்பிடல. ‘எந்த ஊர்ல’ன்னு மட்டும் கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“கடம்பூர்னு சொன்னேன். போளிக்கடை பேரு சொல்லுததுக்குள்ள வச்சுட்டாரு. கார்க் கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு.”

“ஏலே!” அவள் அப்படிக் கத்தி ராமசுப்பு கேட்டதில்லை. “காணாமப் போனவ படத்துக்கு எவன்லே பொட்டு வைப்பான்?”

படத்தைக் காட்டினாள். சட்டத்தையும் காட்டினாள். அவனுடைய ஸ்டெப்னி நகைச்சுவை அவன் முகத்திலேயே செத்தது.

“அண்ணன்காரன் ஏன்க்கா...”

“அண்ணனா? பொண்ணு வீட்டுக்காரன் எவனாவது ‘சீரு வந்துச்சு’ம்பானா? ‘சீரு குடுத்தோம்’பான், ‘சீரு செஞ்சோம்’பான். வந்துச்சுங்கிறவன் வாங்குன வீட்டுக்காரன். எம் முன்னாலயே சொன்னான். அழுகையப் பாத்துட்டு நான் வார்த்தையக் கேக்காம விட்டுட்டேன். முட்டாச் சிறுக்கி நான்.” அவள் ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். “அவன்தான்லே புருஷன். அவ செத்துட்டான்னு ஊருக்கெல்லாம் சொன்னவன், அத மெய்யாக்கத்தான் அவளத் தேடுதான்.”

ஐஸ்வர்யா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடம்பூர் ரோட்டில் அனல் காற்று புழுதியைத் தூக்கித் தூக்கி அடித்தது. இரண்டு பக்கமும் பருத்தி பிடுங்கிய கரிசல் காடு, வாய் பிளந்து கிடந்தது. எங்கோ காய்ந்த பருத்திமாரைத் தீ வைத்து எரித்துக்கொண்டிருந்தார்கள். புகை தரையோடு ஊர்ந்து வந்து ரோட்டைக் கடந்தது. பின்னாலிருந்து ஒவ்வொரு கார் முந்தும்போதும் யோகலட்சுமி ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினாள். பின்னால் உட்கார்ந்திருந்த ராமசுப்பு வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

போளிக்கடையில் பெத்தம்மாள் கல்லில் நெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். யோகலட்சுமி மூச்சு வாங்கக் கேட்டதும், “அப்படி யாரும் இங்கன இல்ல, தாயி. போளி வேணும்னா நில்லு,” என்று தோசைக்கரண்டியை ஒரு மாதிரி பிடித்தாள். ஆனால் அவளுக்குப் பின்னால் இருந்த அறையில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த மெஷின் அந்த நொடியில் நின்றது.

காளீஸ்வரி தானே கதவைத் திறந்தாள். நெற்றியில் ஒரே ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

“அவரு அனுப்புனாரா?” என்றாள்.

“ஆமா. அண்ணன்னு சொல்லி ஏமாத்திட்டான். இங்கதான் வந்துக்கிட்டிருக்கான். கிளம்பும்மா, பேச நேரம் இல்ல,” என்றாள் யோகலட்சுமி.

“நான் இங்கன இருக்கது அவருக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் சொன்னேன்,” என்றான் ராமசுப்பு. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

காளீஸ்வரி அவனைத் திட்டவில்லை. சத்தமில்லாமல் பையை எடுத்து, மெஷினின் கைப்பிடியைக் கழற்ற ஆரம்பித்தாள். பழகிப்போன கை அது. எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருந்திருக்கிறாள். “ஒரு தடவை மண்ணெண்ணெய ஊத்துனாரு. பக்கத்து வீட்டுக்காரவிய வந்துட்டாவ. பிள்ளையக் கூட்டிட்டுக் கிளம்பப் பாத்தேன், பிடுங்கி வச்சுக்கிட்டாரு. கொஞ்சம் தச்சுச் சம்பாரிச்சு, ஒரு வக்கீலப் பாத்து...” அவள் முடிக்கவில்லை. “என்னய எப்படி அடையாளம் கண்டுபிடிச்சீங்க? எந்தப் படத்தக் குடுத்தாரு?”

காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் இன்றைக்கு இதற்கு மேலும் ஒன்றை மறைக்க யோகலட்சுமிக்கு மனம் வரவில்லை.

காளீஸ்வரி செல்போனை வாங்கினாள். தன் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த நிழல்களை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். செல்போனைப் பிடித்திருந்த ஒரு ஆள். அவன் இடுப்புக்குக் கீழே, கூப்பிய இரண்டு சின்னக் கைகள்.

யோகலட்சுமி அதைக் கவனித்திருக்கவே இல்லை.

“எம் பிள்ளை,” என்றாள் காளீஸ்வரி. “அவ என்னயக் கும்பிட்டுக்கிட்டு நிக்கா.”

பெத்தம்மாள் கல்லில் போளி கருகியது. யாரும் அதைத் திருப்பிப் போடவில்லை.

ராமசுப்புவின் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

“தம்பி, நான் கடம்பூர் ரயில்வே ஸ்டேஷன்கிட்ட நிக்கேன். எந்தத் தெரு?”

அழுகிற குரல் இல்லை. அவசரமும் இல்லை. அதுதான் பயங்கரம்.

ராமசுப்பு செல்போனைக் கையால் பொத்திக்கொண்டு யோகலட்சுமியைப் பார்த்தான். அவள் சந்தைப் பக்கம் கைகாட்டி, ஓடவேண்டிய திசையைக் காட்டினாள். ஆனால் காளீஸ்வரி பையைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகம் மாறியிருந்தது.

“அவரு இங்கன நிக்காருன்னா, வீட்டுல அவரு இல்ல,” என்று கிசுகிசுத்தாள். “பிள்ளையும் அத்தையும் மட்டும்தான் இருப்பாவ. யக்கா, என்னய விளாத்திகுளத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?”

யோகலட்சுமிக்கு மறுக்கச் சரியான காரணங்கள் நிறைய இருந்தன. இருந்தாலும் ஸ்கூட்டரை எடுத்தாள். விளாத்திகுளம் போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்த பெண் ஏட்டு ஒருத்தி உண்டு, போகிற வழியிலேயே பேசி அவளை அந்த வீட்டு வாசலுக்கு வரச் சொல்லலாம்.

“அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க,” என்று ராமசுப்பு போனில் சொல்லிக்கொண்டிருந்தான். “வழி கொஞ்சம் சிக்கல். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“வேண்டாம்லே,” என்றாள் யோகலட்சுமி, அவன் போனை வைத்ததும்.

“நான் சொல்லித்தான அவன் வந்தான்? நீங்க உள்ரோட்டுல போங்கக்கா. இவன இங்கனயே சுத்தல்ல விடுதேன். இந்த ஊருச் சந்து பொந்தெல்லாம் நான் விசில் ஊதுன இடம்.”

ஸ்கூட்டர் கிளம்பியது. ராமசுப்பு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தான்.

வெள்ளைக் கார், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. அதோடு இன்னொரு வாடை. பின் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் கேன், துண்டு போட்டு மூடியிருந்தது. ராமசுப்புவுக்குக் கால் பின்னுக்கு இழுத்தது. ஏறி உட்கார்ந்தான்.

“நேரப் போங்க அண்ணாச்சி. ரைட்ல ஒடிங்க.”

ஒடித்தார். பிறகு இன்னொரு ரைட். ஒரு கோயில், ஒரு ஊருணி, ஒரு ரேஷன் கடை. டீக்கு ஒரு தடவை, வழி கேட்க நாலு தடவை என்று நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றி, கடைசியாக ஊர் முடிந்து வெறும் கரிசல். வண்டிப்பாதை ஒன்று எங்கும் போகாமல் உடைமரங்களுக்குள் போனது. ராமசுப்பு பேசிக்கொண்டே வந்தான். தங்கச்சி உங்களைப் பார்த்ததும் எப்படி அழுவாங்க, போளி வாங்கிட்டுப் போங்க, கடம்பூர்ப் போளி சூடாகத் தின்னால்தான் ருசி. அவருக்குச் சிரிப்பே வரவில்லை.

கார் நின்றது. மணிகண்டபிரபு கதவுகளைப் பூட்டும் பொத்தானை அழுத்தினார். சுற்றிலும் ஒரு வீடு இல்லை.

“எங்கன கூட்டிட்டுப் போற நீ?”

“வந்துட்டோம் அண்ணாச்சி. அந்தா, அந்த மரத்துக்கு...”

“புதுசா வந்த பொம்பளை ஒருத்தி போளிக்கடை பின்னால ரூம்புல இருக்கான்னு ஸ்டேஷன்ல ஒருத்தன் சொன்னான். அங்கன போயிட்டுத்தான் ஸ்டேஷன் திரும்பி உனக்குப் போன் போட்டேன். மெஷின் சத்தமும் கேட்டேன்.” அவர் நிதானமாகத் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். “நீ எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிடணும்ல? இப்பத் தெரிஞ்சுட்டு. அவ அங்கனதான் இருக்கா. மெதுவாப் போய்க்கிடலாம்.”

ராமசுப்புவுக்கு ஒரு நகைச்சுவைகூட வரவில்லை. அவர் கை கேனை மூடியிருந்த துண்டுக்குப் போனது.

அப்போது காரின் ஸ்பீக்கர் வழியாகச் செல்போன் அலறியது. ‘அம்மா’ என்று திரையில் வந்தது. மணிகண்டபிரபு எரிச்சலோடு எடுத்தார்.

“ஏலே பிரபு!” கிழவியின் குரல் கார் முழுக்கக் கிழிந்தது. “ரயில்ல அடிபட்டுச் செத்துட்டா, அங்கனயே எரிச்சுட்டேன்னு சொன்னியேலே! செத்தவ வந்துட்டாலே! வாசல்ல வந்து நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டா. பிள்ளை ஓடிப்போய் அவ மேல ஏறிக்கிட்டு இறங்க மாட்டேங்கா. தெருவே கூடிட்டுலே, போலீஸு நிக்குலே! நான் என்னத்தலே சொல்லட்டும்?”

மணிகண்டபிரபு போனை வைத்தார். துண்டைப் பிடித்த கையோடு மெதுவாக ராமசுப்புவின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

கதவு பூட்டிக் கிடந்தது. வெளியே ஆளரவமே இல்லை. உயிர் போகிற பயம். இருந்தும், அந்தப் பிள்ளை தன் அம்மா மேலே ஏறிக்கொண்டு இறங்காமல் இருக்கிறாள் என்று நினைத்ததும், ராமசுப்புவுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு வந்துவிட்டது.